சித்தப்பா, புரோகிராம் மட்டும் அனுப்புங்க

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க முடியல. ஆனா போன வாரம் ஊருக்குப் போனப்ப வீட்ல ஒரு சின்ன பஞ்சாயத்து நடந்துச்சு, அது மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருக்கு. கொட்டிட்டாத் தேவலை. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் என்னை மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்கதான். உங்களுக்கும் ஊர்ல ஒரு தம்பியோ, தங்கச்சியோ, அக்கா பையனோ இருப்பாங்க. ராத்திரி நேரத்துல வாட்ஸப்புல போட்டோவும் வரும். அதனால இது உங்களுக்கும் சேத்துத்தான்.

எங்க ஊரு பேராவூரணி. தஞ்சாவூர் ஜில்லாவோட தெக்குக் கோடி. கல்லணைக் கால்வாய்த் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை. நெல்லைவிட தென்னைதான் கண்ணுக்கு அதிகமாத் தெரியும்.

சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணி. திண்ணையில காத்தாட உக்காந்திருந்தேன். போன் கிணுகிணுன்னுச்சு. பெரியப்பா பேத்தி. எனக்கும் அவளுக்கும் ஒம்பது வயசுதான் வித்தியாசம், ஆனா முறைப்படி நான் சித்தப்பா. (இந்த வயசுல சித்தப்பான்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும்.) நாலு வீடு தள்ளித்தான் இருக்கா, ஆனா வாட்ஸப்லதான் கேப்பா. படத்தைத் திறந்தா, சாய்ச்சு எடுத்த ஒரு கம்ப்யூட்டர் திரை. நீல நிறம், மஞ்சள் எழுத்து. பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு, டர்போ சி. கீழ ரெண்டு வரி:

"சித்தப்பா, அவுட்புட் ஒழுங்கா வரல. சரியான புரோகிராம் மட்டும் அனுப்புங்க, திங்கக்கெழம ரெக்கார்டுல சைன் வாங்கணும்."

அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்ச பொண்ணு. 2021-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு இன்ஜினியரிங்ல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்துச்சு இல்லையா, அந்த வழியில போனவ. எங்க பெரியப்பா குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு. மொத செமஸ்டர்ல பைத்தானை எப்படியோ தாண்டிட்டா. ரெண்டாவது செமஸ்டர்ல சி வந்து நிக்குது.

புரோகிராமைப் பாத்தேன். தப்பு எங்கன்னு அரை நிமிஷத்துல தெரிஞ்சுது. திருத்தி அனுப்ப ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நான் அனுப்பல. "காலையில வீட்டுக்கு வா, பாப்போம்"னு போட்டேன். பதிலுக்கு ரெண்டு சிவப்பு மூஞ்சி வந்துச்சு.

காலையில அவ வர்றதுக்கு முன்னாடி அண்ணி வந்துட்டாங்க. "ஏன் தம்பி, புள்ள ராத்திரி பூரா அழுவுது. தெரிஞ்ச ஆளுதானே நீங்க, எழுதிக் குடுத்துட்டா என்னா, கொறைஞ்சா போயிருவீங்க?"

அண்ணிக்கு நான் பதில் சொல்லல. ஏன்னா அந்தப் பதிலை அண்ணிகிட்ட சொன்னா, பக்கத்துத் தெருவுல இருக்கற இன்னொருத்தன் கதையையும் சொல்லணும்.

2018. நான் மூணாவது வருஷம். எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் அதே காலேஜ்ல மொத வருஷம் சேந்திருந்தான். ஊர்க்காரன், அண்ணே அண்ணேன்னு காலைச் சுத்துவான். ஒவ்வொரு வாரமும் லேப்புக்கு முதல் நாள் ராத்திரி கேள்வியை அனுப்புவான், நான் புரோகிராமை அடிச்சு அனுப்புவேன். எனக்கும் அதுல ஒரு கெத்து. ஊர்ப் புள்ளைக்கு உதவி பண்றோம்ல! ஒரு செமஸ்டர் பூரா அப்படியே ஓடுச்சு. அவன் அத்தனையையும் மனப்பாடம் பண்ணினான். அரைப்புள்ளி, அடைப்புக்குறி உட்பட. உண்மையிலேயே நல்ல ஞாபகசக்தி அவனுக்கு.

பிராக்டிகல் பரிட்சையில வரிசைப்படுத்தற கேள்வி வந்துச்சு. நான் எழுதிக் குடுத்தது எண்களை வரிசைப்படுத்த. கேட்டது பேர்களை வரிசைப்படுத்த. பையன் இன்ட்டை அழிச்சுட்டு கேர்னு மாத்தியிருக்கான், மத்ததெல்லாம் அப்படியே. சி-யில ரெண்டு எண்ணை ஒப்பிடற குறியை வெச்சு ரெண்டு பேரை ஒப்பிட முடியாது, அதுக்கு எஸ்டிஆர்சிஎம்ப்பினு தனிச் செயற்கூறு இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. ஏன் முடியாதுன்னும் தெரியாது. நான் சொன்னதே இல்லையே. மூணு மணி நேரமும் திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துட்டு எந்திரிச்சு வந்துட்டான். அரியர்.

அதே வருஷம் நவம்பர் 16, கஜா. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அதைப் பத்தி எழுதிக் காட்டத் தேவையில்லை. அவங்க வீட்டுத் தோப்புல நின்ன மரத்தைவிட விழுந்த மரம்தான் அதிகம். அதுக்கப்புறம் அவன் காலேஜ் பக்கம் போகல. காரணம் பணம்தான், அதுல சந்தேகமில்ல. ஆனா வீட்ல பேசி முடிவெடுக்கறப்ப, "அதான் கம்ப்யூட்டர் பாடத்துலயே அரியர் வெச்சிருக்கானே, படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறான்"னு ஒரு வார்த்தை விழுந்துச்சாம். அந்த வார்த்தையில என் பங்கு இருக்கு.

இப்ப தேங்காய் லோடு ஏத்தி விடற வேலை பாக்கறான். நல்லாத்தான் இருக்கான். பாக்கறப்பல்லாம், "நீங்க மட்டும் இல்லன்னா அந்த ஒரு வருஷம்கூடத் தாக்குப் பிடிச்சிருக்க மாட்டேண்ணே"ங்கறான். திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம்.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வருவோம்.

பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்து உக்காந்தா. கையில அவ அண்ணனோட பழைய அரசு மடிக்கணினி. கேள்வி சாதாரணம்தான்: எத்தனை மாணவர்கள்னு கேட்டு, அத்தனை மார்க்கை வாங்கி, சராசரி சொல்லணும். அணிக்கு 5 இடம் ஒதுக்கியிருந்தா.

"என்ன ஆச்சு, சொல்லு."

"வரல சித்தப்பா."

"என்ன வரல?"

"அவுட்புட்டு."

புதுசாப் படிக்கற யாரைக் கேட்டாலும் இந்த ஒரு வார்த்தைதான் வரும். 'வரல'. அதைத் தாண்டி ஒரு வாக்கியம் பேச வெக்கறதுதான் பாதி வேலைன்னு நான் நெனைக்கறேன். என்ன குடுத்த, என்ன எதிர்பார்த்த, அதுக்குப் பதிலா என்ன நடந்துச்சு. இந்த மூணையும் கோர்வையா சொல்லத் தெரிஞ்சுட்டா, பல தடவை சொல்லி முடிக்கறதுக்குள்ளயே தப்பு தெரிஞ்சுடும். நாம எதுவுமே பண்ண வேண்டாம், 'ம்' கொட்டினாப் போதும்.

கிண்டிக் கிளறினதுல விஷயம் வெளிய வந்துச்சு. முந்தாநாள் ஓட்டினப்ப சரியா வந்திருக்கு. 5 பேர்னு குடுத்து, மார்க் 1, 2, 3, 4, 5னு குடுத்தாளாம். சராசரி 3. பக்காவா வந்துச்சாம். மறுநாள் நெசமான மார்க்கு மாதிரி இருக்கட்டும்னு 62, 71, 55, 80, 78னு குடுத்தா, அஞ்சு வாங்கினதுக்கப்புறமும் நிக்காம ஆறாவது மார்க் கேக்குது, ஏழாவது கேக்குது, கேட்டுக்கிட்டே இருக்கு.

"எதையுமே மாத்தல சித்தப்பா, சத்தியமா. நேத்து வந்துச்சு, இன்னிக்கு வரல. லேப்டாப்புல வைரஸா இருக்குமோ?"

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. இவ்வளவு அழகான தப்பு தானா அமையறது கஷ்டம் :-)

"மடக்கு எப்ப நிக்கணும்?"

"அஞ்சு ஆனதும்."

"அந்த அஞ்சு எங்க இருக்கு?"

"எத்தனை பேர்ங்கற மாறியில."

"ஒவ்வொரு மார்க்கு வாங்கினதும் அந்த மாறியில என்ன இருக்குன்னு அச்சடிச்சுப் பாரு."

ஒரு பிரின்ட்எஃப் வரி சேத்தா. ஓட்டினா. 62 குடுத்தா, 5ன்னு வந்துச்சு. 71 குடுத்தா, 5. 55க்கும் 5. 80க்கும் 5. கடைசியா 78 குடுத்தா...

78.

ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அவதான் மெதுவா, "நான் 5னுதானே குடுத்தேன், 78 எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் திரையையே மொறைச்சுப் பாத்துட்டு, "சித்தப்பா, அது என் அஞ்சாவது மார்க்கு!"ன்னு கத்தினா பாருங்க. அண்ணி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தாங்க.

விஷயம் இதுதான். நாம ஒண்ணுல இருந்து எண்ணுவோம், சி சைபர்ல இருந்து எண்ணும். 5 இடம் ஒதுக்கினா 0, 1, 2, 3, 4. அவ 1ல் ஆரம்பிச்சு 5 வரைக்கும் எழுதியிருக்கா. ஆறாவது இடம்னு ஒண்ணு அந்த அணியிலயே கிடையாது. ஆனா மெமரியில அதுக்கு அடுத்தாப்ல ஏதோ ஒண்ணு இருக்கும்ல? இவ புரோகிராம்ல அந்த அடுத்த வீடுதான் 'எத்தனை பேர்'. அஞ்சாவது மார்க்கு நேராப் போய் அது மேல உக்காந்துக்கிச்சு. இப்போ 78 பேர்னு நெனைச்சுக்கிட்டு அது மார்க்கு கேக்குது. மொத நாள் அஞ்சாவது மார்க்கே 5ங்கறதால, 5 மேல 5 விழுந்து தப்பு வெளியவே தெரியல.

"பைத்தானா இருந்தா அங்கயே நின்னு திட்டும்ல சித்தப்பா?"

நான் எதிர்பார்க்காத கேள்வி. திட்டும். எல்லையைத் தாண்டினா பைத்தான் அந்த இடத்துலயே நிறுத்திப்புடும். சி-யில வரப்பு கிடையாது. உன் வயல் எது, பக்கத்து வயல் எதுன்னு அது பாக்காது, நீதான் பாத்து உழணும். ஒவ்வொரு தடவையும் எல்லையைச் சரிபாத்தா வேகம் குறையும், எழுதறவனுக்குத் தெரியும்னு நம்பி விட்டுட்டாங்க. "அப்ப பைத்தானே நல்லதாச்சே"ன்னா. "அந்தப் பைத்தானை எழுதினதே சி-யிலதான்"னு சொன்னேன். கொஞ்சம் மரியாதை வந்த மாதிரி தெரிஞ்சுது.

இதுல இன்னொண்ணும் சொன்னேன். கடைமடையில தண்ணி வரலன்னா கடைமடையிலயே நின்னுக்கிட்டு வாய்க்காலை மொறைச்சுப் பாத்தா ஆகாது, மேல எங்கயாவது அடைச்சிருக்கும்னு அவ தாத்தாவுக்கு நல்லாத் தெரியும். புரோகிராமும் அப்படித்தான். நிக்காம ஓடினது மடக்கு. தப்பு மடக்கோட நிபந்தனையில இருந்ததாத்தான் யாருக்கும் தோணும். உண்மையில கெட்டுப்போனது மதிப்பை எழுதின இடத்துல. அதனால தெரியற இடத்துலேர்ந்து மேல மேல நடந்து போய்ப் பாக்கணும். அச்சடிச்சுப் பாக்கறது அந்த நடைதான்.

நான் ராத்திரியே திருத்தின புரோகிராமை அனுப்பியிருந்தா அவளுக்கு என்ன கெடைச்சிருக்கும்? 1 இருந்த இடத்துல 0. <= இருந்த இடத்துல <. ரெண்டு எழுத்து. அவ்ளோதான்.

இப்ப கொஞ்சம் பொதுவாப் பேசலாம். இந்தப் பிள்ளைங்க கையில இருக்கற கெட்ட பழக்கத்துல முக்கால்வாசி அவங்களோடது இல்லை. டர்போ சி-யோடது. போர்லேண்ட் கம்பெனி டர்போ சி-யை வெளியிட்டது 1987-ல். நம்ம லேப்புகள்ல பாத்த டர்போ சி++ 3.0 வந்தது 90-களோட தொடக்கத்துல. நான் பொறக்கறதுக்கு முன்னாடி. அதுக்கு முன்னால 1989-ல் சி-க்கு ஒரு தரநிலை வந்துச்சு, அப்புறம் 1999, 2011, 2018, கடைசியா 2024னு மொழி நடந்து வந்துடுச்சு. நீலத் திரை மட்டும் நின்ன இடத்துலயே நிக்குது. 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் புரோகிராம் ஓடாதுங்கறதால, டாஸ்பாக்ஸ்னு ஒரு போலி டாஸை உள்ள வெச்சு அதுக்குள்ள இதை ஓட்டறோம்! இவ லேப்டாப்புலயும் அதான் இருந்துச்சு.

அதுல இன்ட்டுக்கு 16 பிட்தான். 32767க்கு மேல போகாது. 7 ஃபேக்டோரியல் 5040, சரியா வரும். 8 ஃபேக்டோரியல் 40320 வரணும், மைனஸ் 25216னு வரும். என் மொத வருஷ ரெக்கார்டு நோட்டுல அந்த மைனஸ் 25216ஐ அப்படியே எழுதி, அதுக்கு சிவப்பு மையில டிக்கும் வாங்கியிருக்கேன். ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் பெருக்கினா எப்படிடா மைனஸ் வரும்னு நானும் யோசிக்கல. திரையில வந்துச்சு, எழுதினேன். வந்த விடை நியாயமான்னு ஒரு நொடி நின்னு பாக்கறது எந்தப் புத்தகத்துலயும் தனிப் பாடமா இல்லை. நான் மார்க்கு போடறவனா இருந்தா மத்த எல்லாப் பழக்கத்தையும்விட அதுக்குத்தான் அதிகம் போடுவேன். (32 பிட் இன்ட்டுலயும் 12 ஃபேக்டோரியலோட சரி, 13ல் கவுந்துடும். கவுர்ற இடம்தான் தள்ளிப் போகும்.)

வாய்ட் மெயின்னு எழுதறது, கோனியோ டாட் ஹெச் சேக்கறது, கடைசி வரியில கெட்ச் போடறது எல்லாம் இதே வம்சம்தான். கெட்ச் எதுக்குப் போடறோம்னு கேட்டா பத்துப் பேர்ல எட்டுப் பேருக்குத் தெரியாது, "போடணும்ணா"ம்பாங்க. புரோகிராம் முடிஞ்சதும் திரை மறையாம ஒரு விசைக்காகக் காத்திருக்கறதுக்குன்னு தெரிஞ்சா, எப்பத் தேவையில்லைன்னும் தெரிஞ்சுடும். இன்ட் மெயின்னு எழுதி 0னு திருப்பிச் சொல்றதும் அப்படித்தான். வேலையை முடிச்சவன் "ஐயா, முடிஞ்சுது, ஒண்ணும் பிரச்சனை இல்லை"ன்னு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தகவல் சொல்லிட்டுப் போறது.

இதுலயே மோசமானது கெட்ஸ். பயனர் எவ்வளவு நீளமா அடிச்சாலும் வாங்கிக் கொட்டும், உன்கிட்ட எவ்வளவு இடம் இருக்குன்னு கேக்கவே கேக்காது. 1988 நவம்பர்ல இணையத்துல பரவின மாரிஸ் புழுவைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. அது உள்ள புகுந்த வழிகள்ல ஒண்ணு, ஃபிங்கர் சேவை நிரல்ல இருந்த ஒரு கெட்ஸ். 512 பைட் இடத்துல அதுக்கு மேல கொண்டுபோய்க் கொட்டுச்சு. நம்ம பொண்ணோட அஞ்சாவது மார்க்கு பண்ணின அதே வேலைதான், ஆனா வேணும்னே பண்ணினது. 2011 தரநிலையில கெட்ஸை மொழியை விட்டே தூக்கிட்டாங்க. இவ லேப் நோட்டுல இன்னும் இருக்கு.

உடனே வாத்தியாருங்களைத் திட்டக் கிளம்பிடாதீங்க. ஒரு லேப்ல அறுபது பிள்ளைங்க, ரெண்டு மூணு மணி நேரம், முடிக்க வேண்டிய பட்டியல்னு ஒண்ணு. அவங்களும் இதே நீலத் திரையில படிச்சு வந்தவங்கதான். நான் இவகிட்ட சொன்னதும் இதுதான்: பரிட்சையில என்ன கேக்கறாங்களோ அதை எழுது, சண்டை போடாத. வீட்ல மட்டும் ஒழுங்கா எழுது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சு எழுதினா ரெண்டும் தப்பில்ல.

அன்னிக்கு மத்தியானமே அவ மடிக்கணினியில லினக்ஸும் ஜிசிசியும் போட்டுக் குடுத்தேன். 2011-ல் அரசு மடிக்கணினித் திட்டம் தொடங்கினப்ப விண்டோஸோட பாஸ் லினக்ஸையும் சேத்துத்தான் குடுத்தாங்க. சென்னை சி-டாக்கில் உருவானது. நம்மள்ல எத்தனை பேர் அந்தப் பக்கம் ஒரு தடவையாவது பூட் பண்ணிப் பாத்தோம்? எல்லாரும் மொத வேலையா அதை அழிச்சுட்டுப் படம் பாக்க இடம் பண்ணினோம். நானுந்தான், ஹி.. ஹி..

ஜிசிசி-யில வால்னு ஒரு விருப்பம் இருக்கு, மைனஸ் டபிள்யூ ஆல். அதைப் போட்டா சந்தேகப்படற இடத்தையெல்லாம் வார்னிங்கா சொல்லும். ஸ்கேன்எஃப்ல & போட மறந்தா சொல்லும். ஒப்பிடறதுக்கு ரெண்டு சமக்குறி போடற இடத்துல ஒண்ணு போட்டா சொல்லும். ஆனா இவளோட எல்லை தாண்டற தப்பை அது கண்டுபிடிக்காது, ஏன்னா எத்தனை பேர்ங்கறது ஓடறப்பத்தானே தெரியும். அதுக்கு அட்ரெஸ் சானிடைசர்னு இன்னொண்ணு இருக்கு, 2013-லேர்ந்து ஜிசிசி-யோடயே வருது. அதைச் சேத்து ஓட்டினோம். அஞ்சாவது மார்க்கு குடுத்த நொடியில, இந்த வரியில இந்த அணியைத் தாண்டி எழுதறேன்னு பெரிய ஒப்பாரி வெச்சு நின்னுடுச்சு. "இது ராத்திரியே இருந்திருந்தா அழுதிருக்கவே மாட்டேன்"ன்னா.

இப்பத்தான் நெசமான சிக்கல் வந்துச்சு. ஒப்பாரி இங்கிலீஷ்ல. அவ அதைப் படிக்கல. படிக்க முடியாமல்ல, படிக்கவே இல்லை. சிவப்பா எதாவது வந்தா கண்ணு தானா அதைத் தாண்டிப் போகப் பழகியிருக்கு. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்ச பிள்ளைக்கு சி மேல பயம் இல்லை, அந்தச் செய்தியோட இங்கிலீஷ் மேலதான் பயம். இது ரெண்டும் வேற வேறன்னு பிரிச்சுக் காட்ட எனக்கே இத்தனை வருஷம் ஆச்சு.

அதனால ஒரு நோட்டு போட்டோம். செய்தியில திரும்பத் திரும்ப வர்றது மொத்தமே முப்பது நாப்பது வார்த்தைதான். அன்டிக்ளேர்டுன்னா அறிவிக்காத பேரு. எக்ஸ்பெக்டட்னா இங்க எதையோ எதிர்பார்த்தேன், காணோம். அன்யூஸ்டுன்னா மாறியை வெச்சிருக்க, தொடவே இல்லை. ஒரு பக்கம் அந்த வார்த்தை, மறுபக்கம் அவ சொந்தத் தமிழ்ல அர்த்தம். கூடவே தெரிஞ்ச பையன்கிட்ட +1 கணினி அறிவியல் தமிழ்வழிப் புத்தகத்தை இரவல் வாங்கிக் குடுத்தேன். இவ பயோ-மேத்ஸ் குரூப், அதனால படிச்சதில்லை. அது சி++ தான், ஆனா மாறி, அணி, மடக்கு, செயற்கூறு, சுட்டுன்னு அத்தனைக்கும் சொல் இருக்கு. 'அரே'ன்னு கேட்டா முழிச்ச பொண்ணு, 'அணி'ன்னதும் "வரிசையா நிக்கறதுதானே"ன்னுச்சு. இன்னும் வேணுங்கறவங்களுக்கு, ஐ.ஐ.டி. பம்பாயோட ஸ்போக்கன் டுடோரியல்ல சி பாடங்கள் தமிழ்லயே இருக்கு.

இன்னொரு பழக்கம். பத்து எரர் வந்தா மொத எரரை மட்டும் பாரு. சரி பண்ணு, மறுபடி ஓட்டு. ஒரு அரைப்புள்ளி விட்டா பத்து வரிக்குப் புலம்பும். அதுவும் பல நேரம் விட்ட வரியைச் சொல்லாது, அடுத்த வரியைச் சொல்லும், ஏன்னா அங்க வந்த பிறகுதான் அதுக்கே சந்தேகம் வருது. இது தெரியாம பத்தையும் ஒண்ணொண்ணாத் திருத்தப் போய் நல்லா இருந்த வரியைக் கெடுத்தவங்க எத்தனை பேர்! மாறிக்கு ஏ, பி, சின்னு வெக்காம புரியற பேரா வெக்கறது, வரியை உள்தள்ளி எழுதறதெல்லாம் நான் அதிகம் வற்புறுத்தல. அவ எழுதினதையே ஒரு வாரம் கழிச்சு அவகிட்டயே குடுத்துப் படிக்கச் சொன்னா தானா வந்துடும்.

இந்த இடத்துல உங்கள்ல சில பேர் கேப்பீங்க: "யோவ், இன்னிக்கு சாட்ஜிபிடி-கிட்ட போட்டோவைக் குடுத்தா ரெண்டு செகண்டுல திருத்திக் குடுத்துடும், நீ என்னவோ கடைமடை வாய்க்கால்னு கதை விட்டுட்டிருக்க." உண்மைதான். அதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு 2018-ல் இருந்த நான்தான் ஞாபகத்துக்கு வர்றேன். கேட்ட உடனே குடுக்கும், சலிச்சுக்காது, ராத்திரி ஒரு மணிக்கும் முழிச்சிருக்கும். என்னைவிட நல்லாவும் எழுதும். நான் இவளை அது பக்கமே போகாதன்னு சொல்லல, சொன்னாக் கேக்கவும் போறதில்ல. 'திருத்திக் குடு'ன்னு மட்டும் கேக்காத, 'இந்த வார்னிங்குக்குத் தமிழ்ல அர்த்தம் சொல்லு'ன்னு கேளுன்னு சொல்லியிருக்கேன். கேப்பாளான்னு தெரியல. ரெக்கார்டுக்குக் கடைசி நாள்னா நானே கேக்க மாட்டேன்.

ஒண்ணு ஒத்துக்கறேன். புரோகிராமை எழுதி அனுப்பினா ரெண்டு நிமிஷம். அன்னிக்கு எனக்கு ஞாயித்துக்கிழமை மொத்தமும் போச்சு. மத்தியான மீன்குழம்பு ஆறிப்போச்சு. எல்லாராலயும் எல்லா வாரமும் இது முடியாது. முடியாதப்ப, "இன்னிக்கு முடியல, நாளைக்குப் பாப்போம்"னு சொல்றதே மேல். அண்ணிக்கு அது புரியல. போறப்ப, "ஒரு புரோகிராமுக்கு ஒரு நாளா? அப்ப மீதிப் பாடத்தையெல்லாம் எப்பப் படிக்கறது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்லை.

திங்கக்கிழமை ரெக்கார்டுல சைன் வாங்கிட்டா. லேப்ல டர்போ சி-தான், வாய்ட் மெயின்தான்.

புதன்கிழமை ராத்திரி ஹாஸ்டல்லேர்ந்து மறுபடி ஒரு போட்டோ. இந்தத் தடவை திரை சாயல. ஒரு வரியைச் சுத்தி வட்டம் வேற போட்டிருந்தா.

"சித்தப்பா, ஏழு எரர் வந்துச்சு. மொதல்ல இருந்ததை மட்டும் சரி பண்ணேன், மீதி ஆறும் தானாப் போயிருச்சு. இப்ப ஒரு வார்னிங் இருக்கு, படிச்சேன். மார்க்கு வாங்கற எடத்துல & விட்டுட்டேன்னு சொல்லுது. ஆனா பேரு வாங்கற எடத்துலயும்தான் & போடல, அதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. ஏன்?"

பதிலை மூணு வரி அடிச்சுட்டேன். அனுப்பப் போற நேரத்துல மொத்தத்தையும் அழிச்சேன். "மார்க்கு ஒரு மாறி. பேரு ஒரு அணி. அணியோட பேரை மட்டும் எழுதினா அது எதைக் குறிக்கும்னு நெனைக்கற?"ன்னு போட்டேன்.

ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. டைப் பண்றான்னு காட்டுச்சு, நின்னுச்சு, மறுபடி காட்டுச்சு. இதை எழுதற வரைக்கும் பதில் வரல.